கண்ணில் ஒற்றிப் பார்த்த துணி

மழையைப் பற்றி யாராவது என்னிடம் அழகாகப் பேசினால் எனக்குக் கோபம்தான் வரும். சன்னலோரம் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டு பார்க்கிறவர்களுக்கு அது அழகு. துணி வெளுத்துப் பிழைக்கிற வீட்டில் வந்து கேட்டுப் பாருங்கள். கொச்சியில் இடவப்பாதி என்பார்கள்; ஆனி பிறப்பதற்கு முன்னாலேயே பிடித்துக்கொள்ளும், ஆடி முடிகிறவரை விடாது. அந்த நாட்களில் என் மாமியார் வானத்தைப் பார்த்துத் திட்டுகிற திட்டை இங்கே எழுத முடியாது. எழுதினால் அச்சுக் கோக்கிறவர் காதைப் பொத்திக்கொள்வார்.

நான் பிறந்தது செங்கோட்டைப் பக்கம். எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தேன். என் வீட்டுக்காரருடைய தாத்தா காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குத் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம் அது. வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் அந்தத் தமிழைக் கேட்டு முதல் மாதம் நான் முழித்த முழி எனக்குத்தான் தெரியும். மருமகளை மோளே என்பார்கள், தண்ணீரை வெள்ளம் என்பார்கள். தமிழில் எழுதப் படிக்க ஒருத்தருக்கும் தெரியாது. நான் ஒன்பதாம் வகுப்பு படித்தவள். ஊருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

எங்கள் துறை போர்ட் கொச்சிக்குப் போகிற வழியில் இருந்தது. வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஓர் அடிக்கல், பின்னால் துணி காயப்போடுகிற வெளி, அதற்கும் பின்னால் தோளோடு தோள் ஒட்டி எங்கள் வீடுகள். கயிற்றில் கிளிப் மாட்டுகிற வழக்கமெல்லாம் எங்களிடம் கிடையாது. இரண்டு கயிறுகளைச் சேர்த்து முறுக்கி இழுத்துக் கட்டுவோம். அந்த முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிட்டால் எந்தக் கடல்காற்றுக்கும் விழாது. செருகுவதற்கு முன்னால் ஈரத்துணியை இரண்டு கையாலும் பிடித்துப் பளார் என்று ஓர் உதறு உதற வேண்டும். சுருக்கம் போவதற்காக. என் உதறலில் உயிரே இல்லை என்று அத்தை முதல் வருஷம் முழுக்கச் சொல்லிக்காட்டினாள். நானும் ரோஷத்தில் உதறி உதறிப் பழகி, துறையிலேயே பெரிய சத்தம் என்னுடையது என்று பெயர் வாங்கினேன்.

துறைக்கென்று ஒரு சட்டம் இருந்தது. ஒருத்தர் மூட்டையை இன்னொருத்தர் தொடக்கூடாது. உதவிக்குக்கூடக் கூடாது. ஒரு துணி குறைந்தால் பழி தொட்டவர் தலையில் விழும் என்பதால் வைத்த சட்டம். அத்தைக்கும் எதிர்வீட்டுச் சேச்சிக்கும் பேச்சு நின்றதே அப்படித்தான். நான் மருமகளாக வருவதற்கு முன்னால், யாரோ ஒரு வக்கீலின் சரிகை வேட்டி காணாமல் போயிருக்கிறது. அத்தை சேச்சியைப் பார்த்து ஒரு வார்த்தையை விட்டுவிட்டாள். வேட்டி கடைசியில் வக்கீல் வீட்டு அலமாரியிலேயே இருந்ததாம். இருந்து என்ன? விட்ட வார்த்தையை அள்ள முடியுமா? நான் வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், குடத்தோடு எதிரெதிரே வந்தால் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு போவார்கள். மேலே என்ன இருக்கிறது என்று நானும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தேன்.

கடைவீதிக்குப் பின்னால் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. அதன் துணி எங்களுக்கு வந்தது எங்கள் வீட்டுக்கு அடித்த பெரிய யோகம். படுக்கை விரிப்பு, டாக்டரம்மாவின் அங்கி, பிறந்த குழந்தையைப் பொதிகிற துணி எல்லாம் எங்களுடையது. மற்ற வாடிக்கையெல்லாம் மழைக்காலத்தில் படுத்துவிடும். குழந்தை பிறப்பது எந்த மழைக்கும் நிற்காது அல்லவா? அந்த வேலையை வாங்க என் வீட்டுக்காரர் நடையாய் நடந்தார். அங்கே சகலத்தையும் பார்த்துக்கொண்ட சிஸ்டர் ஒருவர் உண்டு. மொடமொடவென்று வெள்ளை உடுப்பு, தடித்த மூக்குக்கண்ணாடி, சிரிப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. திங்களும் வியாழனும் துணி வர வேண்டும், ஒரு தடவை தவறினாலும் வேறு ஆள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

என் மூத்த பெண் தவழத் தொடங்கியிருந்த வருஷம். மழை பிடித்த இரண்டாம் வாரமே என் வீட்டுக்காரர் தொட்டிப் பாசியில் வழுக்கி விழுந்து வலது தோள் எலும்பை முறித்துக்கொண்டார். எலும்பு கட்டுகிற வைத்தியர் பத்தை வைத்துக் கட்டி, கையைக் கழுத்தில் தொங்கவிட்டு, ஓணம் வரைக்கும் கல் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு வீட்டுக்குப் போனார்கள். யாரைக் குறை சொல்வது? அவர்களுக்கும் உடுத்தத் துணி வேண்டுமே. மிஞ்சியது ஆஸ்பத்திரித் துணி ஒன்றுதான். அதுவும் போனால் அடுப்பில் பூனை தூங்க வேண்டியதுதான்.

துறையில் காயப்போடுவது, கஞ்சி போடுவது, தேய்ப்பது எல்லாம் பெண்களுக்கு. தொட்டியில் இறங்கிக் கல்லில் அடிப்பது மட்டும் ஆண்களுக்கென்று வைத்திருந்தார்கள். நானும் அத்தையும் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினோம். சுற்றியிருந்த தொட்டிகளில் சத்தம் நின்றது. கண்ணெல்லாம் எங்கள் மேல்.

"எந்தாடா பாக்கறீங்க? பொண்ணுங்க எறங்கினா கல்லு ஒடஞ்சு போவுமோ?" என்று அத்தை ஒரு கத்து கத்தினாள். அதற்குப் பிறகு அவரவர் துணியை அவரவர் அடித்தார்கள்.

முதல் நாள் முடிந்து வீட்டுக்கு வந்தபோது என்னால் சோற்றுக் கையை வாய்க்குத் தூக்க முடியவில்லை. சலவைச் சோடாவில் விரலிடுக்கெல்லாம் வெடித்து எரிந்தது. அழுகை வந்தது, அழுதேன். அழுதுகொண்டே இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னேன். எதிரில் உட்கார்ந்திருந்த அத்தைக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. "அழுவறதும் தின்னறதும் ஒண்ணா செய்யறே, நீ பொழச்சுக்குவே மோளே" என்றாள்.

வெளுத்துவிடலாம். காயவைப்பது எப்படி? விட்டு விட்டுப் பெய்தால்கூடச் சமாளிப்போம். அந்த வாரம் வானம் கண்ணையே திறக்கவில்லை. வீட்டுக்குள் கட்டிய கயிற்றில் ஈரத்துணி முகத்தில் இடிக்க இடிக்க நடந்தோம். இரண்டு நாளாகியும் ஈரம் போகவில்லை. மக்கல் வாடை அடிக்க ஆரம்பித்தது. அதை எடுத்துக்கொண்டு போனால் சிஸ்டர் வாசலோடு அனுப்பிவிடுவார்.

சும்மா உட்கார்ந்திருப்பது என் வீட்டுக்காரருக்குத் தோள்வலியைவிடப் பெரிய வேதனை. குடையைப் பிடித்துக்கொண்டு கிளம்பியவர், மட்டாஞ்சேரிக் கடைவீதியில் ஒரு கிடங்கைப் பார்த்துக்கொள்கிற, எல்லாரும் இக்கா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணனைப் போய்ப் பார்த்திருக்கிறார். இக்காவின் வேட்டி சட்டையை முன்பு வெளுத்தது நாங்கள்தான். விஷயத்தைக் கேட்டதும் அந்த மனிதர் ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

"மேல மச்சு காலியாக் கெடக்கு. சரக்கெல்லாம் கப்பலேறியாச்சு, பெருக்கியும் விட்டாச்சு. ஓடு ஒழுகாது, நல்ல காத்து. கொண்டு வா" என்றாராம்.

கொண்டு போனோம். மரப்படியேறிப் பார்த்தால் எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விரிந்த பெரிய மச்சு, உலர்ந்த பலகைத் தரை, இரண்டு பக்கமும் சன்னல். உத்திரத்துக்கு உத்திரம் கயிற்றை முறுக்கிக் கட்டினோம். நானும் அத்தையும் ஏட்டிக்குப் போட்டியாகத் துணியை உதறினோம். பளார் பளார் என்று கிடங்கே அதிர்ந்தது. கீழே இக்கா "ஓடு எறங்கிடப் போவுது!" என்று கத்தினார்.

இங்கே மட்டாஞ்சேரிக் காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மிளகு, சுக்கு, மஞ்சள், ஏலம், வற்றல் எல்லாம் கலந்த காற்று அது. வந்த புதிதில் தும்மித் தும்மி என் மூக்கு சிவந்து கிடந்தது. ஒரு வருஷத்தில் மூக்கு செத்துப்போயிற்று. எது எந்த வாசம் என்று பிரித்துச் சொல்லச் சொன்னால் அங்கே யாராலும் முடியாது. அதனால் மச்சில் அத்தை தும்மியபோது மழைச் சளி என்றோம். எனக்குக் கை எரிந்தது; சோடா என்றேன். மறுநாள் காய்ந்த துணியை வீட்டில் தேய்க்கும்போது இருமல் வந்தது. சிரட்டைக் கரிப் புகை என்று அத்தை சொன்னாள். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. துணியோ பார்க்க வெள்ளை வெளேரென்று இருந்தது. மடித்து அடுக்கிவிட்டு அன்றைக்குக் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் வைத்துச் சாப்பிட்டோம். அந்த மழையில் முதல்முறையாக மூன்று பேரும் சிரித்துப் பேசினோம்.

வியாழக்கிழமை விடிந்தது. நான் மூட்டை கட்ட வேட்டியை விரித்துக்கொண்டிருந்தேன். பின்னால் என் பெண் வீலென்று அலறினாள். திரும்பிப் பார்த்தால் அடுக்கிலிருந்து ஒரு குழந்தைத் துணியை உருவி, அதில் முகத்தைப் புரட்டிக்கொண்டு கிடக்கிறாள். முகமெல்லாம் செக்கச் செவேரென்று தடித்துவிட்டது. எறும்பு கடித்துவிட்டது என்று அத்தை துணியைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். எறும்பு இல்லை. நான் அந்தத் துணியை வாங்கி என் கண்ணில் ஒற்றினேன்.

ஐயோ! அம்மிக்கு முன்னால் உட்கார்ந்த எந்தப் பெண்ணுக்கும் அந்த எரிச்சல் தெரியும். மிளகாய்.

என் கை சொல்லவில்லை, மூக்கு சொல்லவில்லை. கண்தான் சொன்னது. அந்த மச்சில் உத்திரம் முட்ட வற்றல் மூட்டை அடுக்கியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. பெருக்கியது தரையைத்தானே? உத்திரத்திலும் பலகை இடுக்கிலும் இருந்த தூளையெல்லாம் நாங்கள் பளார் பளார் என்று உதறிக் கிளப்பி, ஈரத்துணி மேல் படியவிட்டு, பத்திரமாகத் தேய்த்து மடித்தும் வைத்திருந்தோம். போதாக்குறைக்குப் பெரிய உதறல் என்னுடையது.

பிள்ளையைக் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவினோம். கண்ணில் தாய்ப்பால் விட்டேன். அழுகை விம்மலாக இறங்கியது. அப்போதுதான் மூன்று பேரும் அந்தத் துணி அடுக்கைப் பார்த்தோம். அன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய துணி.

"மேல ரெண்டு மடிப்புலதான் இருக்கும். நல்லா ஒதறிட்டுக் கொடுத்தா..." என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். பிள்ளை ஒரு விம்மல் விம்மியது.

"நான் போய் சிஸ்டர்ட்ட உள்ளதச் சொல்லிட்டு வாரேன். நீங்க எல்லாத்தையும் திரும்பத் தொட்டில போடுங்க" என்றேன்.

"சொன்னா வேல போயிடும்" என்றார் அவர்.

"போனாப் போகட்டும். பச்சப்பிள்ளைக தோலு போனா வருமா?"

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கம்பி உடைந்த குடைக்குள் நடந்தபோது அந்த வீராப்பு தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. வழியெல்லாம் ஒரே நினைப்புதான். இந்த வேலை போனால் அடுத்த வாரம் என்ன சமைப்பேன்?

ஆஸ்பத்திரிப் பின்வாசலில் சிஸ்டர் நான் மூட்டையில்லாமல் வந்து நிற்பதைப் பார்த்தார். "துணி எவிடெ?" என்றார். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மழை, மச்சு, மிளகாய், உதறல் ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்துப் பிள்ளையின் முகத்தைக் காட்டினேன். அவர் திட்டவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்க் கண்ணையும் முகத்தையும் மறுபடி கழுவி, ஏதோ களிம்பு தடவிக் கொண்டுவந்து கொடுத்தார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"உள்ளே மூணு பேர் வேதனையோட கெடக்குந்நு. அலமாரி காலி. மத்தியானத்துக்கு முன்னே குழந்தைத் துணி வேணும், சாயங்காலம் விரிப்பு வேணும். வந்நில்லெங்கில் நாளை வேறெ ஆள் வரும்."

"வரும் சிஸ்டர்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

திரும்பி ஓடிவந்தபோது அத்தை அண்டாவில் சோடாத் தண்ணீர் கொதிக்கவைத்துத் துணியை அமுக்கி எடுத்து, கொட்டுகிற மழையில் அலசிக்கொண்டிருந்தாள். தலையோடு நனைந்திருந்தாள். பிழிந்த துணி ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றிப் பார்த்தாள். எரிந்தால் திரும்ப அண்டாவுக்குள். எரியாவிட்டால் இந்தப் பக்கம். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்துவிட்டன. நான் சிஸ்டர் சொன்னதைச் சொன்னேன்.

மத்தியானத்துக்குள் காய வேண்டுமென்றால் ஒரே வழிதான் இருந்தது. ஈரத்தோடு தேய்த்தே உலர்த்த வேண்டும். எங்களிடம் தேய்ப்புப்பெட்டி ஒன்றுதான். ஈரத்துணியில் இரண்டு இழுப்பு இழுத்தால் அது ஆறிப்போகும். ஆனால் வரிசையில் வீட்டுக்கு வீடு பெட்டி இருந்தது. பெட்டி பிடிக்கிற கையும் இருந்தது. ஒருத்தர் துணியை ஒருத்தர் தொடக்கூடாது என்கிற அந்தச் சட்டமும் இருந்தது.

அத்தை சேலை முனையைப் பிழிந்து இடுப்பில் செருகினாள். விறுவிறுவென்று நடந்து எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள். நான் வாயைப் பிளந்துகொண்டு பின்னாலேயே போனேன்.

சேச்சி உள்ளே தன் வாடிக்கைத் துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், திரும்பக் குனிந்துகொண்டாள். அத்தை உள்ளே போகாமல் மழையிலேயே நின்றாள்.

"எனக்கு உன் பெட்டி வேணும். உன் கையும் வேணும்."

"ஓ! என் கை இப்ப நல்ல கையாயிடுச்சோ?" சேச்சி பெட்டியை நிறுத்தவில்லை. "துணி காணாமப் போனா என்ன செய்வே?"

"போனா செருப்ப எடுத்து என் வாயில அடி. அன்னிக்கே நீ அடிச்சிருக்கணும்."

என் மாமியார் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வரும் என்று சத்தியம் செய்து சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். சேச்சி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். எழுந்து வந்து அத்தையின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"மழைல நின்னு பிரசங்கம் செய்யாதே. தலையைத் துவட்டு முதல்ல" என்று ஒரு துண்டை எறிந்தாள். பிறகு வாசலில் நின்று, வரிசை கடைசிவரை கேட்கிற மாதிரி குரல் கொடுத்தாள். "எல்லாரும் பெட்டியும் கரியும் எடுத்துட்டு இவ வீட்டுக்கு வாங்கடீ!"

வந்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு வந்தவள் உண்டு. தன் வாடிக்கைத் துணியைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவள் உண்டு. எங்கள் வீட்டில் இடம் போதாமல் சேச்சி வீட்டிலும், அதற்கு அடுத்த வீட்டிலும் பாய் விரித்தார்கள். கல்லில் நிற்கிற ஆண்கள்கூட உள்ளே வந்து கரி ஊதிக் கொடுத்தார்கள். ஈரத்துணியில் பெட்டி பட்டதும் புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியவில்லை. அத்தை நடுவில் உட்கார்ந்து, தேய்த்து வந்த துணியை இன்னொரு தடவை கண்ணில் ஒற்றி ஒற்றி அடுக்கினாள். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வடிந்தது.

"இவ அழுது நான் பார்த்ததே இல்ல. அதுக்கு ஒரு கிடங்கு மொளகா வேண்டியிருந்துச்சு பாருங்க" என்றாள் சேச்சி.

வீடே குலுங்கிச் சிரித்தது. அத்தையும் சிரித்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டே, "வாய் பேசாம தேயிடீ" என்றாள்.

இதற்குள் என் வீட்டுக்காரர் இக்காவிடம் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். "என்ட படைச்சோனே!" என்று தலையில் கைவைத்துக்கொண்ட மனிதர், அடுத்த அரை மணி நேரத்தில் எங்கள் வாசலில் ஒரு கைவண்டியோடு வந்து நின்றார். வண்டியில் கல்யாண வீட்டுப் பிரியாணிச் செம்பு ஒன்று, மூடியோடு; நம் ஊரில் பெரிய அண்டா என்போமே, அதைத்தான் அங்கே செம்பு என்பார்கள்.

"கஷ்டப்பட்டுக் காயவெச்ச துணியை இந்த மழைல எப்படிக் கொண்டு போவீங்க? அதான்" என்றார்.

எங்களில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. அத்தை மட்டும் செம்புக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தாள். மசாலாவோடு பிறக்கிற பிள்ளை எந்த ஊரிலும் கிடையாது என்று சொல்லி, புளியும் சாம்பலும் போட்டுத் திரும்பத் திரும்பத் தேய்த்துக் கழுவி, பெட்டியின் அனலில் காட்டி உலர்த்திய பிறகுதான் துணியை வைக்கவிட்டாள். தேய்த்த சூட்டோடு குழந்தைத் துணிகளை அடுக்கி மூடினோம். இக்கா முன்னால் இழுத்தார். என் வீட்டுக்காரர் இடது கையால் தள்ளினார். நான் என் தலை நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல் செம்புக்குக் குடை பிடித்துக்கொண்டு ஓடினேன்.

கடைவீதியில் ஒருவர், "எவிடெயா இக்கா கல்யாணம்?" என்று கேட்டார்.

"கல்யாணம் கழிஞ்சு, இப்ப பிரசவம்! வழி விடு!" என்று இக்கா கத்தினார்.

ஆஸ்பத்திரி வாசலில் நுழையும்போது பள்ளிவாசலில் மத்தியான பாங்கு கேட்டது. உள்ளேயிருந்து ஒரு பச்சைக் குழந்தையின் அழுகையும் கேட்டது. சிஸ்டர் வெளியே வந்து செம்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். மூடியைத் திறந்தேன். சூடு முகத்தில் அடித்தது. மேலே இருந்த துணியை எடுத்து என் கண்ணில் ஒற்றிக் காட்டிவிட்டு நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. கையை ஆழமாக விட்டு அடியிலிருந்து ஒன்றை உருவினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துணியைத் தன் கண்ணில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்.

"சாயங்காலம் விரிப்பு" என்றார். துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விளக்கு வைப்பதற்குள் விரிப்புகளும் போய்ச் சேர்ந்தன. அதே செம்பு, அதே வண்டி. ஆனால் வேலை இருக்கிறதா, இல்லையா என்று சிஸ்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்க எங்களுக்கும் நாக்கு எழவில்லை. வெள்ளியும் சனியும் ஞாயிறும் எங்கள் வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. திங்கள்கிழமை நான்தான் போனேன். வேறு யாராவது துணி எடுத்துக்கொண்டு எதிரில் வருகிறார்களா என்று தெருவெல்லாம் பார்த்துக்கொண்டே போனேன்.

பின்வாசல் படியில் அழுக்கு மூட்டை ஒன்று கட்டி வைத்திருந்தது. எப்போதும் வைக்கிற அதே இடத்தில், எப்போதும் போடுகிற அதே முடிச்சோடு. அங்கேயே உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுக்குத் துணியைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்டவள் கொச்சி ராஜ்யத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஓணம் வந்தது, போனது. என் வீட்டுக்காரருடைய கை தோளுக்கு மேல் தூக்க வரவேயில்லை. அதனால் கல் எங்களுடையதாகவே ஆயிற்று, என்னுடையதும் அத்தையுடையதும். அடுத்த மழைக்கு இன்னும் சில பெண்கள் தொட்டியில் இறங்கினார்கள். யாருடைய புருஷனுக்கும் தோள் முறிந்திருக்கவில்லை; அவர்களாகவே இறங்கினார்கள். மழை பிடித்துக்கொண்டால் யார் மூட்டை என்று பார்க்காமல் எல்லாரும் சேர்ந்து தேய்ப்பது வழக்கமாகிவிட்டது. துணி ஒன்றிரண்டு மாறத்தான் செய்தது. அத்தையும் சேச்சியும் அதற்குத் தினமும் சண்டை போட்டார்கள். ஆனால் ஒரே பாயில் உட்கார்ந்து போட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், இன்னொரு கொட்டுகிற மழையில், எனக்கு இரண்டாவது பிரசவம். சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் துணியெல்லாம் கட்டி வைத்திருந்தேன். வலி எடுத்ததும், "அவ இங்கே வரட்டும்" என்று சிஸ்டர் ஆள் அனுப்பிவிட்டார். நானே கல்லில் அடித்து, நானே கஞ்சி போட்ட விரிப்பில் படுத்துக்கொண்டு கத்தினேன். பையன் பிறந்தான். சிஸ்டர் அவனை ஒரு கையில் ஏந்தி, மறு கையால் அலமாரியிலிருந்து ஒரு துணியை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்தத் துணியைத் தன் கண்ணில் வைத்து அழுத்தினார்.

உயிர் போய் உயிர் வந்து கிடந்தாலும் என் வாய் சும்மா இருக்குமா? "அது நான் வெளுத்த துணி சிஸ்டர்! பிள்ளைக்குக் குளிருது, பொதிஞ்சு குடுங்க" என்றேன்.

"நீ வெளுத்ததல்லே? அதான் பாக்கறேன்" என்றார் சிஸ்டர்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். இத்தனை வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பையனைப் பொதிந்து என் பக்கத்தில் கிடத்தினார். கதவுக்கு வெளியே முதலில் யார் தூக்குவது என்று அத்தையும் சேச்சியும் சண்டையை ஆரம்பித்திருந்தார்கள். ஓட்டின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அன்று ஒரு நாள் அதைத் திட்டாமல் விட்டேன்.